பின்சக்கரத்து உரசல்

சமதளத்தில் கதவக்காவின் சைக்கிளிலிருந்து ஒரு சத்தமும் வராது. மேடு வந்து, அவர் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினால் போதும், பின்சக்கரத்திலிருந்து ‘ஸ்ர்க், ஸ்ர்க்’ என்று மிதிக்கு ஒரு தரம் கேட்கும். சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு, பக்கத்திலிருக்கும் பிரேக் கட்டையில் உரசும் சத்தம். கேட்கக் கேட்கப் பல் கூசும். உரசும் ஒவ்வொரு தரமும் காலில் இருக்கும் பலம் கொஞ்சம் வீணாகும்.

அவர் தச்சு வேலை செய்பவர். வீடு வீடாகப் போய்க் கதவு மாட்டித் தருவதால் வந்த பெயர் அது. நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடிக்கும் கதவைத் தனியாளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சைக்கிள் ஆசை அவருக்கு நாத்தனாரால் வந்தது. கணவரின் தங்கையான அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பஞ்சு. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. சைக்கிளின் ஒவ்வொரு திருகையும் கழற்றித் தராசில் வைத்து, அதைவிட லேசானதைத் தேடிப் பிடித்து மாட்டுவதில் அவளுக்குப் பைத்தியம்.

நீர்த்தேக்கத்து மலைப் போட்டிக்கு இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜோடியில் பின்னால் வருகிறவர் கோட்டைத் தாண்டும் நேரம்தான் கணக்கு. ஒருத்தி மட்டும் பறந்து பயனில்லை.

“கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாரேன்” என்றார் கணவர்.

“பிரேக்குல எண்ணெய் விட்டா மலையிலேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்” என்றார் கதவக்கா. கணவர் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சைக்கிள் கடைக்காரர் பிரேக்கை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றினால் தட்டு நூல் பிடித்த மாதிரி ஓடியது. கதவக்கா ஏறி மேட்டில் மிதித்தால் மறுபடி உரசியது. அடுத்த தடவை போனபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே தயங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்க நாத்தனாரே இங்க வந்தப்ப சொன்னாங்க, அண்ணி கொஞ்சம் இளைச்சா சரியாயிடும்னு.”

கதவக்காவுக்குச் சுருக்கென்றது. நாற்காலி, ஏணி, ஊஞ்சல் என்று எதன் பக்கத்தில் போய் நின்றாலும் யாராவது ஏதாவது சொல்வது அவருக்குப் பழகிப்போன விஷயம். பஞ்சுவின் வாயிலிருந்து அது வந்ததுதான் உறைத்தது. ஆனால் அதை அங்கே காட்டிக்கொள்ளவில்லை.

“அண்ணே, கதவு உரசுதுன்னு என்னைக் கூப்பிடுவாங்க. உங்க கதவு குண்டா இருக்குங்கன்னு சொல்லிட்டு வந்தா, எனக்கு அடுத்த வேலை யார் தருவா? கீல் தாங்கலன்னா கீலைத்தான் மாத்துவேன். இந்தச் சக்கரத்துக்குக் கீல் எதுன்னு சொல்லுங்க.”

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முன்சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்து நிறுத்தினார்.

“ஏறி நில்லுங்க. மேட்டுல அமுக்கற மாதிரி அமுக்குங்க.”

கதவக்கா அமுக்கினார். கடைக்காரர் பின்னால் குந்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே தெரிந்த மெல்லிய வெளிச்சக் கோடு, காலை அழுத்தும்போது காணாமல் போனது. விட்டதும் திரும்பி வந்தது.

“அட” என்றார் கடைக்காரர். “ஸ்டாண்டுலயே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க.”

கதவக்கா இறங்கியதும், லீவரைத் தளர்த்திச் சக்கரத்தின் நடுவிலிருந்து ஒரு கம்பியை உருவி எடுத்தார்.

“நீங்க கேட்ட கீல் இதுதான். அச்சுக்குள்ள ஓடி, ஒரு பக்கம் நட்டும் இன்னொரு பக்கம் லீவருமா, சக்கரத்தைச் சட்டத்தோட இறுக்கிப் பிடிக்கணும். இது டைட்டானியம். லேசு, ஆனா விறைப்பு பத்தாது. நீங்க பலமா மிதிச்சா லேசா நீண்டு குடுக்குது. அந்த இடைவெளியில சக்கரம் ஒரு முடி அசைஞ்சாலும் தட்டு போய்க் கட்டையில படும். யார் போட்டாங்க இதை?”

கதவக்கா கம்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறந்தநாளுக்குப் பஞ்சு ஆசையாக வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டது அது. சத்தம் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

“வீட்டு ஆளுதான்” என்றார். “விறைப்பானது இருக்கா?”

கடைக்காரர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து வந்தார். தடித்த தலை, லீவரின் பொறி முழுக்க அந்தத் தலைக்குள்ளேயே மூடியிருந்தது. “இந்த வகை நல்லாக் கவ்வும். பார்க்க அழகா இருக்காது. சட்டமும் கொஞ்சம் வளையும், அதனால உரசல் முழுசா நின்னுடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நல்லாக் குறையும்.”

லீவரை மடக்கி இறுக்கும்போது கடைக்காரரின் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்தது. கடைக்குப் பின்னாலிருந்த மேட்டில் கதவக்கா எழுந்து நின்று மிதித்தார். டயர் தாரில் ஓடும் சத்தமும் சொந்த மூச்சும்தான் கேட்டன. நம்பாமல் கீழே வந்து, கோபக்காரி மாதிரி இன்னொரு தரம் மிதித்து ஏறினார். அப்போதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்த பஞ்சுவின் கண் நேராகப் பின்சக்கரத்துக்குப் போனது.

“நான் வாங்கிக் குடுத்தது எங்க, அண்ணி?”

“டப்பாவுல பத்திரமா இருக்கு.”

“இது என்ன கனம் கனக்குது. பிடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல.”

“பிடிச்சிருந்துச்சு. என் காலைத்தான் அது தாங்கல.” கதவக்கா குரலை உயர்த்தவில்லை. “அது இருக்கட்டும். நான் இளைக்கணும்னு கடைக்காரர்கிட்ட சொன்னியா?”

பஞ்சுவின் காது மடல் சிவந்தது. “சும்மா ஒரு பேச்சுக்கு...”

“பேச்சுன்னா என்கிட்ட பேசு. ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எதுக்கு?”

பல் துலக்கிக்கொண்டே கூடத்துக்கு வந்த கணவர், நிலவரம் பார்த்து வந்த வழியே திரும்பிப் போனார்.

கதவக்கா டப்பாவைக் கொண்டுவந்து, பழைய கம்பியை மாட்டி, முன்சக்கரத்தைக் கூடத்துச் சுவரில் முட்டவிட்டார். “குந்திப் பாரு” என்று சொல்லி ஏறி அமுக்கினார். பிறகு இரும்பை மாட்டி இன்னொரு தரம். பஞ்சு கன்னம் தரையில் படுமளவுக்குக் குனிந்து இரண்டையும் பார்த்தாள். எழுந்திருக்க நேரம் பிடித்தது.

“நிறுத்துப் பார்த்து வாங்கினேன். ஓட்டப் போறது யாருன்னு பார்க்கல” என்றாள். “எனக்கு வாங்கற மாதிரியே உங்களுக்கும் வாங்கிட்டேன். அந்தப் பேச்சும் தப்புதான். மன்னிச்சுக்கோங்க அண்ணி.”

“சரி விடு. இந்தக் கம்பியை நீயே வச்சுக்க. காத்து மாதிரி இருக்கே, உனக்கு அது போதும்.”

“இப்ப நீங்க என் எடையைப் பத்திப் பேசறீங்க.”

“உன்கிட்டதானே பேசறேன்.”

பஞ்சு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

போட்டியன்று மலையில் காற்று அடித்தது. பஞ்சு முன்னால், கதவக்கா பின்னால் என்று ஏற்பாடு. பாதி ஏற்றத்தில் பஞ்சு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சத்தம் கேட்டால் அண்ணி வருகிறார் என்று இத்தனை நாளும் பழகியிருந்தது.

“இங்கதான் இருக்கேன். ரோட்டைப் பாரு” என்றார் கதவக்கா, ஒரு கை தூரத்திலிருந்து.

மரங்கள் முடிந்து திறந்தவெளி வந்ததும் காற்று பஞ்சுவைத் துண்டுக் காகிதம்போல அலைக்கழித்தது. கதவக்கா யோசிக்கவில்லை. எழுந்து நின்று, முழு உடம்பையும் மிதியில் இறக்கி அவளைத் தாண்டினார். செங்குத்தான வளைவில் ஒரே ஒரு தரம், மெலிதாக, ‘ஸ்ர்க்’. பிறகு அதுவும் இல்லை.

“என் முதுகுக்குப் பின்னால வந்துடு.”

அந்த முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. பஞ்சு தலையைக் குனிந்துகொண்டு ஒட்டிக்கொண்டாள். பளபளக்கும் உடுப்புப் போட்ட இரண்டு ஜோடிகளைத் தாண்டினார்கள். ஒருவன் என்னவோ சொன்னான். பதில் சொல்ல இருவரிடமும் மூச்சு மிச்சமில்லை. மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள்.

உச்சியில் பஞ்சு புல்லில் மல்லாந்து கிடந்தாள். கதவக்கா ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சைக்கிளைக் கீழே போகும் சாலையின் பக்கம் திருப்பினார். வளைந்து வளைந்து இறங்கும் சாலை, அடியில் நீர்த்தேக்கம் மின்னியது.

“கொஞ்சம் இருங்க அண்ணி, மூச்சு வரட்டும்.”

“நீ மெதுவா வா.”

பிரேக்கை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, சைக்கிளை இறக்கத்தில் விட்டார். “மெதுவா போங்க” என்று பஞ்சு கூப்பிட்டது முதல் வளைவுவரை கேட்டது.