பாம்பூஃப்ளாட் படகு சாய்ந்த வருஷம்

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் படகு, அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க, ஆவுடையப்பன் எந்தப் பக்கம் உட்கார்ந்தாரோ அந்தப் பக்கம் சாய்ந்தே போனது. ஆள் ஒல்லி. எடை மெஷினில் ஏறினால் கல்யாணத்தின்போது இருந்த எடைதான் காட்டியது. படகுக்காரர்கள் காரணம் தேடவில்லை. "பாய்சாப், பீச் மே பைட்டோ" என்று அவரை நடுப் பலகைக்கு மாற்றிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். பயணிகளும் வெங்காய விலையைப் பேசுவதுபோல் இதைக் கொஞ்ச நாள் பேசிவிட்டு விட்டார்கள்.

சாத்தம் பக்கம் கணபதியின் பேட்டரிப் பட்டறையில் அவருக்கு வேலை. ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளிலிருந்து வரும் செத்த பேட்டரிகளை உடைத்து, ஈயத்தட்டுகளை உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்ப்பார். வயிறு அடிக்கடி முறுக்கியது, மணிக்கட்டு தொங்கியது. வாயுத்தொல்லை என்று சீரகத் தண்ணீர் குடித்தார். பல வருஷம் கழித்து அப்போதுதான் மனைவி ரெங்கம்மா உண்டாகியிருந்தாள். அவர் சட்டையை உதறித் துவைப்பது அவள்தான்.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்குப் போன ரெங்கம்மாவின் கால்கள் ஆஸ்பத்திரி வாசல் ஈர மண்ணில் முழங்கால்வரை இறங்கிவிட்டன. நர்ஸும் ஆயாவும் சேர்ந்து இழுத்து, காலைக் கழுவி உள்ளே அனுப்பினார்கள். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பத்துப் பெண்ணான டாக்டர் பிரவீனா காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. புருஷனுக்கு என்ன வேலை என்று கேட்டாள். ஈயம் உருக்குகிறார் என்றதும் ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

"ரத்தத்துக்குச் சிவப்பு உண்டாக்குற வேலையில ஒரு என்சைம் இருக்குக்கா. ஈயம் உள்ள போனா முதல்ல அதைத்தான் முடக்கும். ஆளு படுக்குறதுக்கு முன்னாடியே டெஸ்ட்ல தெரிஞ்சிரும்."

என்சைம் ஒழுங்காக வேலை செய்தால் சோதனைக் குழாயில் ஆழ்ந்த ரோஜா நிறம் வரும். ரெங்கம்மாவின் குழாய் வெளிறி இருந்தது. மறுநாள் வந்த ஆவுடையப்பனின் குழாயில் நிறமே ஏறவில்லை.

"எனக்கு இருக்கட்டும் டாக்டரம்மா. அவ பட்டறைப் பக்கமே வந்ததில்லையே?"

"உங்க சட்டை வீட்டுக்கு வருதுல்ல, அண்ணாச்சி."

அவர் அப்படியே உட்கார்ந்தார். பெஞ்சுக்கடியில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டது.

பட்டறையை மூடிவிடுவார்கள் என்று பயந்து கணபதி ஆஸ்பத்திரிக்கே சண்டைக்கு வந்தார். "என் ரத்தத்தையும் எடுங்க, பாத்துருவோம்" என்று கையை நீட்டினார். அடுப்புக்குப் பக்கத்திலேயே தினமும் சாப்பாடு சாப்பிட்ட மனிதர், அவருடைய குழாயும் வெளிறியே இருந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். அடுப்பு அணைந்தது. பிறகு புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டோடு புதிய அடுப்பு வெளியே எழுந்தது. பட்டறையிலேயே குளித்து, அழுக்குத் துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் வந்தது. மாதாமாதம் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். யாருடைய குழாயில் நிறம் இறங்கியதோ அவருக்கு வலைக்குண்டு விற்கும் கடையில் வேலை. ஆவுடையப்பனைத்தான் முதலில் மாற்றினார்கள்.

"அடுப்புக்காரன் நான். கடையில உக்காந்து என்ன செய்ய?" என்று அவர் வீட்டில் புலம்பினார்.

"பிள்ளைக்குப் பேரு யோசிங்க" என்றாள் ரெங்கம்மா.

அவர் யோசித்ததெல்லாம் வேறு. ஈயம் பிள்ளைவரை போயிருக்குமா என்பதை டாக்டரிடம் கேட்க அவருக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. மாதத்துக்கு மாதம் குழாய்களில் ரோஜா கூடியது. ரெங்கம்மாவின் கால்கள் மண்ணில் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும், பிறகு விரலளவுக்கும் மேலேறின.

தை மாதத்தில் பெண் பிறந்தது. நன்றாக அழுதது. தொப்புள் கொடியை நறுக்கியதும் நர்ஸின் கையிலிருந்து எழும்பி, மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே போய் நின்றது. நர்ஸ் விசிறியை நிறுத்தி, ஸ்டூலில் ஏறிக் குழந்தையை இறக்கினாள். கொடி ரத்தத்தைச் சோதித்த பிரவீனா, ஆழ்ந்த ரோஜா நிறத்தில் இருந்த குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஆவுடையப்பனுக்குக் கண் நிறைந்திருந்ததால் எதுவும் தெரியவில்லை.

"படகு ஜெட்டி பக்கம் ஹவா ஜாஸ்தி, புள்ள காத்துல பறந்துரும். பாத்துத் தூக்கிட்டுப் போங்க" என்றாள் நர்ஸ்.

ரெங்கம்மா பழைய சேலை ஓரத்தைக் கிழித்து, ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு, பால் கொடுக்க ஆரம்பித்தாள்.