ஷட்டருக்குக் கீழே ஒரு போர்வை

"ஏங்க, இன்னைக்கும் அந்தப் புல்லு வெட்டுற மிஷினை ஆரம்பிச்சிடாதீங்க. நேத்து பூரா தூக்கமே இல்ல. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

காலை எட்டரை மணி. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இரவு வேலை முடித்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். அவள் கணவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு ஒரு நாள்தான். புல்லு சீசன் முடிஞ்சிடுச்சு. டேங்க்ல இருக்கிற மிச்ச பெட்ரோலை ஓட்டித் தீத்து வச்சுட்டா, அடுத்த வருஷம் வரைக்கும் நீ ராணி மாதிரி தூங்கலாம்."

"டப்பாவுல ஊத்தி வைக்கிறது."

"டேங்க்ல இருக்கிறதை ஊத்தலாம். கார்பரேட்டர்ல நிக்கிறதை யார் ஊத்துறது? அது ஓடித்தான் தீரணும். இல்லேன்னா பிசின் மாதிரி ஒட்டிக்கும்."

"அப்போ அந்தச் சத்தத்தை எங்கயாவது மூடி வச்சு ஓட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"உத்தரவு மேடம்" என்று தட்டை நீட்டினான். அவள் பாதி ரொட்டி தின்றாள். மீதியை அவன் தின்றான்.

தெருவில் ஏழெட்டு வீட்டுப் புல்லை அவன்தான் வெட்டுவான். வெட்டுவதற்கு முன் குனிந்து குனிந்து கல்லும் கம்பியும் பொறுக்குவான். பூட்ஸ் இல்லாமல் மிஷினைத் தொட மாட்டான். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றாமல் பிளேடு பக்கம் விரல் போகாது. இன்ஜின் ஆறும்வரை பெட்ரோல் ஊற்ற மாட்டான். அதுவரை சுவரில் சாய்ந்து நிற்பான். பக்கத்து வீட்டு டெய்லர், "உங்க வீட்டுக்காரர் குளிக்கிறப்பவாவது பூட்ஸைக் கழட்டுவாராம்மா?" என்று கேட்பார். அவனுடைய பயமெல்லாம் பிளேடும் நெருப்பும். ஒவ்வொரு வருஷமும் டேங்கைத் தீர்ப்பது திறந்த முற்றத்தில்தான். இந்த வருஷம்தான் அவள் இரவு வேலைக்கு மாறியிருந்தாள்.

அவள் படுத்தாள். எங்கோ ஒரு டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது மாதிரி லேசாகக் கேட்டது. பரவாயில்லையே என்று நினைத்தாள். தூங்கிப்போனாள்.

சத்தம் நின்றதும்தான் விழித்தாள். 'அப்பாடா, தீர்ந்தது' என்று புரண்டு படுத்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று பிறகு எத்தனையோ தடவை கணக்குப் பார்த்திருக்கிறாள். ஐந்து நிமிஷமாக இருக்கலாம். பத்தாகவும் இருக்கலாம். காலில் குளிர்ந்தது. நாற்காலியில் கிடக்கும் போர்வைக்குக் கையை நீட்டினாள். போர்வை இல்லை.

அதைக் கேட்கத்தான் எழுந்து போனாள்.

முற்றத்து ஓரம் மிஷினை வைக்கும் ஷெட்டின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே எப்போதும் மூன்று விரல் சந்து உண்டு. அந்தச் சந்தில் அவள் போர்வையின் நீல ஓரம் தெரிந்தது. உள்ளிருந்து திணித்திருந்தான்.

"ஏங்க."

ஷட்டரைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். தூக்கினாள், போர்வை சிக்கி அசைய மறுத்தது. உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடுங்கினாள். நகம் ஒன்று பிளந்ததே தெரியவில்லை. முட்டி உயரம் தூக்கியதும் புகை மூஞ்சியில் அடித்தது. ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவன்.

கைக்குக் கிடைத்தது ஒரு பூட்ஸ் கால்தான். அதைப் பிடித்து இழுத்தாள். அவன் எடையில் பாதிகூட இல்லாதவள், இழுத்து இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவன் முகம் நல்ல நிறமாய்ச் சிவந்திருந்தது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவன் முகம். அதனால்தான் உயிர் இருக்கிறது என்று நம்பினாள். நெஞ்சை அமுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள், "மிஷின் நின்னுடுச்சுங்க, எந்திரிங்க, சத்தம் போடுங்க, எவ்வளவு வேணும்னாலும் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டெய்லர் வேலியைத் தாண்டி வந்து, அவளை விலக்கிவிட்டு அமுக்கினார். ஆம்புலன்ஸ்காரர் வந்து, டெய்லரை விலக்கிவிட்டு அமுக்கினார். பிறகு அவரும் நிறுத்தினார்.

புகைக்கு வாசம் உண்டு, அதில் இருக்கும் நஞ்சுக்கு வாசமில்லை என்று அவர்தான் சொன்னார். மூடிய இடத்தில் சில நிமிஷம் போதுமாம்.

மத்தியானம் விசாரணைக்கு வந்த அதிகாரி போர்வையைத் தூக்கிப் பார்த்தார். ஷட்டரைப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார்.

"வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? சண்டை, மனக்கஷ்டம்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"உள்ள இருந்து போர்வை வச்சு அடைச்சிருக்காரு. இன்ஜினை ஓட விட்டிருக்காரு. இதை நான் வேற எப்படி எழுதறது?"

கணவனின் அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தினாள். "என் தம்பி அப்படி என்னடி குறைப்பட்டான் உன்கிட்ட?"

சும்மா இருந்தால் போதும், இவள் மேல் ஒன்றும் வராது. அவன் மேல் வந்துவிடும். தற்கொலை செய்துகொண்டவன் என்று காகிதத்தில் ஏறிவிடும்.

இவள் எழுந்து அதிகாரியை ஷெட்டுக்குள் அழைத்துப் போனாள். தரையில் பழைய பேப்பர் விரித்திருந்தது. அதன்மேல் வரிசையாக ஆயில் பிடிக்கும் தட்டு, புது ஆயில் டப்பா, பிளேடு தீட்டும் அரம், அட்டைப்பெட்டி பிரித்த புது பிளக்.

"சாகப்போறவரு புது பிளக்கைப் பிரிச்சு வைப்பாரா சார்? அங்க மேல பாருங்க."

மேலே கையகல ஜன்னல் திறந்திருந்தது. அது போதும் என்று நினைத்திருக்கிறான்.

"அப்போ கதவை ஏன் மூடினாரு?"

"நான் தூங்கணும்னு. நான்தான் சொன்னேன் சார். சத்தத்தை மூடி வச்சு ஓட்டுங்கன்னு காலையில நான்தான் சொன்னேன். அது என் போர்வை."

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு திறந்து, எழுதியதில் ஒரு வரியை அடித்தார்.

நாத்தனார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அண்ணி, ஏதாவது சொல்லுங்க."

"என்ன சொல்லச் சொல்றே" என்றாள் அவள். போர்வையை உதறி, நான்காக மடித்து, இவள் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு அவள் வரவில்லை.

ஷெட் சுவரில் அவன் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கிறான். இடது பக்கம் நாலு வரி: டேங்க் காலி, பிளக், பிளேடு, ஆயில். மேலே வருஷங்கள். ஒவ்வொரு வருஷத்துக்குக் கீழும் நாலு டிக். கடைசி வருஷத்தின் கீழ் ஒன்றும் இல்லை. பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது. சில நாள் அதைக் கையில் எடுப்பாள், திரும்ப விட்டுவிடுவாள்.

டேங்க் காலியாகத்தான் இருக்கிறது.