கர்ட்டன் கம்புகளோடு ஒரு க்யூ

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில், மாரெட்பள்ளியில் எந்தத் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுக்குள் நுழைந்தாலும் வார்னிஷ் நெடிதான் முதலில் வரவேற்கும். நாற்காலி, ஸ்டூல், கதவு, ஒன்றும் தப்பாது. ஆனால் எமியின் பில்லியர்ட்ஸ் கம்பான க்யூவும் தப்பாது என்று யார் கண்டார்கள்?

பகல் பதினொரு மணி. இரண்டு மணிக்குத் திருமுல்கேரி கிளப்பில் மாநில அணிக்கான கடைசி ஆட்டம். ஜெயித்தால் அணியில் இடம். தோற்றால் க்யூவை மூட்டை கட்டிவிட்டு, ஜனவரியில் பெண் பார்க்க வரும் கோயம்புத்தூர்க்காரர்கள் முன்னால் முனகாமல் உட்கார வேண்டும். அம்மா செலினுக்கு எமியே வாய்விட்டுக் கொடுத்த வாக்கு அது.

கூடத்துக்கும் வராந்தாவுக்குமாக எமி நடந்துகொண்டே இருந்தாள். கையில் க்யூ பளபளத்தது. பாவி மனுஷன், பெயிண்டர் பெருமாள் அழகாகத்தான் அடித்திருந்தான்.

தப்பு அவளுடையதும்தான். நேற்றுச் சாயங்காலம், க்யூ முனையில் தேய்க்கிற சாக் தூளும் வியர்வையும் சேர்ந்து படிந்த அழுக்கை ஒட்டப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் சூடேறத் தேய்த்தாள். க்யூவைச் சுவரில் சாய்க்காதே, வளைந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், ஐந்தே நிமிஷம் என்று சாய்த்தாள். கேரல் பாட்டு ஒத்திகைக்குக் கூப்பிட வேன் வந்து ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள். பக்கத்திலேயே கழற்றி வைத்த கர்ட்டன் கம்புகள் மூன்று நின்றன. "வரிசையில நிக்கிறதெல்லாம் அடிச்சுடு" என்றாள் செலின். பெருமாள் நாலையும் அடித்துவிட்டான். எமி அதைப் பார்த்ததே இன்று காலையில்தான்.

சாப்பாட்டு மேஜையில் இடது கையை ஊன்றி, விரல் இடுக்கில் க்யூவை விட்டுப் பார்த்தாள். வழுக்க வேண்டிய கம்பு தோலைப் பிடித்து இழுத்தது. பவுடர் போட்டாள், திரண்டுகொண்டது. தின்னரால் ஒரு சாண் துடைத்தாள், முன்னைவிட மோசமாகப் பிசுபிசுத்தது. பெருமாள் பயந்துகொண்டே உப்புத்தாளை நீட்டினான்.

"நக்கோ பெருமாள்ணா, வேணாம். தேய்ச்சா மரம் இளைச்சிடும். அப்புறம் இது என் க்யூவே இல்ல."

கிளப் க்யூவை எடுத்து ஆடலாம்தான். அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசி கோர்க்கிற கதையாக முடியும்.

மணி பன்னிரண்டரை. சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"வேணும்னேதான் செஞ்சியா? நான் தோக்கணும்னுதானே?"

செலினின் முகம் சுண்டிப்போயிற்று. "ஹவ், ஆமா, அப்படியே வச்சுக்க" என்று உள்ளே போய்விட்டாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எமிக்கு. சொன்ன சொல்லைத் தின்னர் போட்டா துடைக்க முடியும்?

உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம். செலின் திரும்பி வந்தபோது ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் அவள் கல்யாணத்தன்று போட்டிருந்த வெள்ளை நைலான் கையுறை. எமியின் கல்யாணத்துக்கென்று இருபத்தெட்டு வருஷமாகப் பாச்சை உருண்டை போட்டுக் காப்பாற்றியது.

"டிவில ஆடுறவன் கையில உறை போட்டிருந்தானே. அதுல எத்தனை விரல்?"

அம்மா அந்த ஆட்டத்தைப் பார்ப்பாள் என்பதே எமிக்குப் புதுச் செய்தி.

"மூணு. கடைசி ரெண்டு விரலும் வெளிய இருக்கும். அம்மா, இது நக்கோ, இது உன்னோட…"

செலின் இடது கை உறையை விரித்துப் பிடித்தாள். உறையின் சுண்டுவிரல் வெட்டுப்பட்டுக் கீழே விழுந்தது. மோதிர விரலில் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் வெட்டினாள்.

எமி உறையை மாட்டிக்கொண்டு மேஜையில் கையை ஊன்றினாள். கண்ணில் முட்டிய நீரைத் துடைக்க நேரமில்லை. நாலு தடவை இழுத்து விட்டாள். க்யூ சத்தமில்லாமல் போய் வந்தது.

"வழுக்குதா?"

"ஹவ்மா."

"அப்ப கைக்கு, எதுக்கு இன்னும் நிக்கிற? ஆட்டோவக் கூப்பிடு. நானும் வர்றேன்."