நன்றி சொல்லப்பட்ட நாற்றுகள்

“நாத்துக்குப் போய் யாராவது நன்றி சொல்வாங்களாடி?”

“மரியாதைக்குச் சொன்னேன்க்கா.”

“மரியாதையாம். நாப்பது நாத்தும் விடியறதுக்குள்ள என் கோழிக்கூண்டு முன்னாடி வந்து நிக்குது. வேலிக்கு அடியில நுழைஞ்சு வந்திருக்கு. வேரைப் பாரு, உன் தோட்டத்து மண்ணு.”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியவள் ஸ்தொய்கா, அறுபத்தெட்டு வயது. இந்தப் பக்கம் விலைச்சீட்டு கிழிக்காத மண்வெட்டியோடு நின்றவள் ரலிட்சா. நகரத்து ஆலையில் இருபத்தாறு வருடம் பிறர் விளைவித்த குடைமிளகாயைப் புட்டியில் அடைத்தவள். மார்ச் மாதத்தில் ஒரு காலை வாயிற்கதவில் ஒரு தாளை ஒட்டி ஆலையை மூடினார்கள். தாளில் எழுத்துப்பிழைகள்கூட இருந்தன. ரலிட்சா அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டான்யூப் ஆற்றுப் பக்கத்து ஊரில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வீட்டில் பாதி அண்ணன் கமெனுக்குச் சொந்தம். தோட்டம் போடப்போவதாகச் சொன்னதும் அவன் தலைநகர் சோஃபியாவிலிருந்து தொலைபேசியில் சிரித்தான். “நீயா? தொட்டியில இருந்த கள்ளியையே தண்ணி ஊத்திக் கொன்னவளாச்சே. சரி, செப்டம்பர்ல சிலுவைத் திருநாளுக்கு வர்றேன். செடியில காய் தொங்கினா என் பங்கையும் உனக்கே எழுதித் தர்றேன். இல்லேன்னா வீட்டை வித்துடுவோம்.” அந்தச் சிரிப்பு மே மாதம் முழுவதும் ரலிட்சாவின் இடது காதுக்குள் ஒரு ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலை சாய்த்து அவளால் தூங்க முடியவில்லை.

நாற்று வாங்கினால் நன்றி சொல்லக் கூடாது, வானத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக வேண்டும் என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். புட்டிகளுக்கு நடுவே ரலிட்சா மறந்துபோயிருந்தாள். ஸ்தொய்கா தந்த மிளகாய் நாற்றுகளை மூன்று முறை நட்டாள்; மூன்று முறையும் அவை கிளம்பிப் போயின. கயிற்றால் கட்டினாள், கயிற்றையும் இழுத்துக்கொண்டு போயின. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி அவற்றுக்கு வழி விட்டார். இதைவிட மோசமாக, நன்றி சொல்லப்பட்ட ஒரு திராட்சைக் கொடி இரண்டு மலை தாண்டித் திரும்பிப் போயிருக்கிறது என்று கடைக்காரி ரொட்டியைச் சுற்றித் தந்தபடி சொன்னாள்.

இதற்கு ஒரே வழி திருட்டு; திருடியதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. “வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான் சந்தைக்குப் போறேன். பின்கதவு திறந்திருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று ஸ்தொய்கா கோழிகளிடம் சொன்னாள். பட்டப்பகலில், காது மடல் சிவக்க, ரலிட்சா நாற்பது நாற்றையும் இடுப்பில் கட்டிய துணியில் அள்ளிக்கொண்டு வந்து நட்டாள். திரும்பி வந்த ஸ்தொய்கா முறைப்படி வேலியருகே நின்று “திருடி” என்று ஒருமுறை கூப்பிட்டாள். நாற்றுகள் மண்ணைக் கவ்வின. மாலைக்குள் ஒரு விரல் உயர்ந்தன. மறுநாள் திட்டு விழவில்லை, வேர்கள் தளர்ந்தன. ஆகவே தினமும் காலை ஏழு மணிக்குத் திட்டு வேண்டும் என்று ஆயிற்று.

முதல் வாரம் அது சும்மா நாடகம்தான். பிறகு ஸ்தொய்கா, ரலிட்சாவின் அப்பா முப்பது வருடத்துக்கு முன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதை எடுத்தாள். “உன் அப்பன் நிலத்தைத் திருடினான், நீ நாத்தைத் திருடினே. மண்வெட்டியைப் பிடிக்கிறியா, கஞ்சி கிண்டுறியா?” ரலிட்சா சும்மா விடவில்லை. “உங்க மிளகாயைத் தின்ன பன்னி தண்ணிகூடக் கேக்காது. உங்க வாயில இருக்கிற காரத்துல பாதியாவது அதுல இருக்கா?” கோபம் நிஜமானது. ரலிட்சாவிடம் அது ஏற்கெனவே ஏராளமாக இருந்தது: வாயிற்கதவில் ஒட்டிய தாள், காதுக்குள் சுற்றும் சிரிப்பு. எல்லாவற்றையும் சேர்த்துக் கொத்தினாள். மண்வெட்டிப் பிடியிலிருந்து லேசாகப் புகை வந்தது. ஜூலையில் செடிகள் மார்பளவுக்கு வந்து, உள்ளங்கை நீளக் காய்களைத் தொங்கவிட்டன.

ஆகஸ்ட் கடைசியில் ஸ்தொய்காவுக்கு நுரையீரலில் சளி கட்டியது. படுக்கையிலிருந்தே ஜன்னல் வழியாகத் திட்டினாள். ரலிட்சா பதிலுக்குத் திட்டிக்கொண்டே ஒன்பது நாள் பீன்ஸ் சூப் கொண்டுபோய் ஊட்டினாள். பத்தாம் நாள் ஸ்தொய்கா எழுந்து உட்கார்ந்தாள். ஏழு மணி ஆயிற்று. வாயைத் திறந்தாள், மூடினாள்.

“வரலடி. உன்னைப் பாத்தா கோபமே வரமாட்டேங்குது.”

“சூப்புல உப்பு இல்லைன்னு திட்டுங்க.”

“உப்பு சரியாத்தான் இருந்துச்சு.”

அடுத்த நாளும் வரவில்லை. ரலிட்சா அவளுடைய சேவலை வைதாள், செத்துப்போன அவள் கணவனை வைதாள். ஸ்தொய்கா தலையாட்டிச் சிரித்தாள். செடிகளின் அடிமண் வெடித்துக்கொண்டே போனது.

சிலுவைத் திருநாளன்று காலை, சிவந்து கனத்த காய்களோடு நாற்பது செடிகளும் ஒரு வேரை உருவி, பிறகு இன்னொன்றை உருவி, வரிசையில் நின்று வேலியை நோக்கி நடந்தன. ரலிட்சா மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினாள். மரியாதையாக அதைச் சுற்றிக்கொண்டு போயின. தெருமுனையில் கமெனின் கார் ஒலியெழுப்பியது. முதல் செடி வேலிக்கு அடியில் குனிந்தது. ரலிட்சா மண்வெட்டியைத் தரையில் அறைந்துவிட்டு, திறந்திருந்த ஸ்தொய்காவின் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

“அக்கா, ஒரே ஒரு தடவை. என்னைத் திருடின்னு கூப்பிடுங்க.”