ஐந்தாம் கேள்வி: சொந்தமா?

நகராட்சி அலுவலக வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைச் செம்பேனா மூன்று முறை படித்தாள். காகிதத்தோடு சண்டை போட முடியாது என்பதால் நான்காம் முறையும் படித்தாள். நாளைக் காலை பத்து மணிக்குத் திட்டக் குழுக் கூட்டம். அதில் பேச அனுமதி பெற்ற குடியிருப்பாளர்கள் என்று அவள் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர் இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒரே ஒருத்தி. அதுவும் தெரு 'சம்பந்தி' என்று பட்டப்பெயர் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரி.

செம்பேனா என்பது தெரு வைத்த பெயர். அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். கடைப் பலகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தால்கூட உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிறவள் என்று அச்சக முதலாளி பெருமையாகச் சொல்வார். தெருவிலும் அதையேதான் சொல்வார்கள், வேறு தொனியில்.

விஷயம் ஒரு சந்து. இரண்டு சுவருக்கு நடுவே, ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்து. தெருவின் ஒரு முனையில் பதினோரு படிகள்; இன்னொரு முனையில் இந்தச் சந்து. அதைத் தாண்டினால் பெரிய சாலை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி அங்கே வந்து நிற்கும். செம்பேனா தன் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தச் சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போவாள். முப்பது வருஷம் பேருந்தில் நடத்துநராக நின்றே வேலை பார்த்த மனுஷன். இப்போது கால் நிற்கவில்லை, சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் ஒரு முறை தவறினாலே முகம் வீங்கிவிடும். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சந்து இடத்தையும் சேர்த்து வளைத்து ஒரு வணிக வளாகம் கட்டப்போகிறேன் என்று கட்டட முதலாளி ஒருவர் விண்ணப்பம் போட்டிருந்தார். 'பயன்பாட்டில் இல்லாத சந்து' என்று அதில் எழுதியிருந்தது. செம்பேனாவுக்கு வந்ததே கோபம். பேச விரும்புகிறவர்களுக்கான படிவத்தையும் விதித்தாளையும் வாங்கி வந்தாள். தன் வீட்டுக் கூடத்தில் தெருவைக் கூட்டி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை விதிகளைத் தொண்டை கிழியப் படித்துக் காட்டினாள். ஆளுக்கு மூன்று நிமிடம். மரியாதையாகப் பேச வேண்டும். திட்டம் சம்பந்தமாக மட்டும் பேச வேண்டும். எல்லாம் சரி.

படிவத்தில் நான்காம் கேள்வி, 'விண்ணப்பதாரர் யார்?' அதற்கு நேர் கீழே ஐந்தாம் கேள்வி, 'சொந்தமா? ஆம் / இல்லை.'

"இதென்னக்கா?" என்று கேட்டார் முனை வீட்டு வெல்டர்.

"கட்டட முதலாளிக்கு நாம சொந்தக்காரங்களான்னு கேக்கறாங்க. இல்லைன்னு போடுங்க. ஆமான்னு போட்டா அவரோட ஆளுன்னு தள்ளி வெச்சிருவாங்க."

பதினோரு வீடும் 'இல்லை' என்று போட்டது. அவளும் போட்டாள், அழுத்திப் போட்டாள். பன்னிரண்டாவது வீடு சம்பந்தி வீடு. அவள் கூட்டத்துக்கு வரவில்லை. தனியாகப் படிவம் வாங்கித் தனியாகக் கொடுத்துவிட்டாள்.

இப்போது பட்டியலைக் கிழித்தெடுக்காத குறையாக எழுத்தரின் ஜன்னலுக்குப் போனாள்.

"ஐந்தாவது கேள்விம்மா," என்றார் எழுத்தர். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "வீடு சொந்தமான்னு கேட்டிருக்கு. இல்லைன்னு போட்டிருக்கீங்க. வாடகைன்னா ஒப்பந்த நகல் வைக்கணும். அதுவும் வைக்கல. அப்போ நீங்க வெளியாள்."

"வெளியாளா? இருபத்தாறு வருஷமா அதே வீட்ல இருக்கேன். பத்திரம் என் பேர்ல இருக்கு."

"நீங்களே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"வீடுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது. மொட்டையா 'சொந்தமா'ன்னு கேட்டா ஒரு மனுஷி என்னன்னு நினைப்பா? சரி, குடுங்க, இப்பவே திருத்திடறேன்."

எழுத்தர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இன்னிக்கு மதியம் பன்னிரண்டு வரைக்கும் திருத்தலாம்." மணி மூன்று நாற்பது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஊரார் பிழையையெல்லாம் பொறுக்கியவள், சொந்தக் கையால் பதினோரு வீட்டின் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். தெருவில் சொன்னபோது ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெல்டர் மட்டும், "செம்பேனாவே தப்பு விட்டா நாங்கல்லாம் எங்கக்கா போறது?" என்றார். அது போதுமானதாக இருந்தது.

"சம்பந்தியைப் போய்க் கேளு," என்றார் கணவர்.

"அவளையா? அவ கட்டட முதலாளிக்குச் சொந்தம்னு நினைச்சுத்தான் ஆமான்னு போட்டிருப்பா. அவங்களுக்குத்தான் பேசுவா."

"பேசட்டும். கேக்கறதுக்கு என்ன? முப்பது வருஷம் பஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டவன் சொல்றேன். கேட்டாத்தான் டிக்கெட் எடுப்பாங்க."

சம்பந்திக்கு அந்தப் பெயர் வந்ததே கட்டட முதலாளியால்தான். அவருடைய மனைவியின் சித்தி மகள், இவளுடைய மறைந்த கணவரின் அண்ணன் வீட்டு மருமகள். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு, "எங்க சம்பந்தி வீடு" என்று பத்து வருஷமாக அளந்துகொண்டிருந்தாள். அதோடு, செம்பேனாவும் அவளும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. சம்பந்தி தன் மகள் கல்யாணப் பத்திரிகையை ஆசையாகக் கொண்டுவந்து நீட்டினாள். செம்பேனா சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு பிழைகளை வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகு! அதில் ஒன்று மாப்பிள்ளையின் பெயர். இன்றுவரை தான் செய்தது உதவி என்றே நினைத்திருந்தாள். அந்தக் கதவைத் தட்டும்போதுதான் முதல் முறையாக அது சந்தேகமாக இருந்தது.

கதவு பாதி திறந்தது.

"அக்கா, நாளைக்கு நீங்க ஒருத்தர்தான் பேச முடியும்."

"தெரியும். பட்டியல் பாத்தேன்."

"சந்து போச்சுன்னா நான் இவரை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்? பதினோரு படி. தூக்க என்னால முடியாது." சொல்லும்போது குரல் உடைந்தது. அவளுக்கே பிடிக்கவில்லை. "பத்திரிகை விஷயத்துல நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க."

"ஏழு தப்புன்னியே. இது எட்டாவதா?" என்றாள் சம்பந்தி. பிறகு, "பாக்கலாம்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. டயாலிசிஸை மதியத்துக்கு மாற்றித்தரச் சொல்லிக் கெஞ்சி வாங்கியிருந்தாள். அதே சந்து வழியாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நகராட்சிக்கு வந்தாள். பேச முடியாவிட்டால் என்ன, உட்கார்ந்து முறைக்கவாவது செய்யலாம் என்று தெருவே பின்னால் வந்தது.

நீள மேஜைக்குப் பின்னால் குழுவினர் ஏழு பேர். நடுவில் தலைவர், அவர் முன்னால் ஒரு மேஜை மணி. பக்கத்தில் ஒரு தாங்கியில் வளாகத்தின் வண்ணப் படம். படத்தில் மரங்கள் இருந்தன, சிரித்த முகங்கள் இருந்தன, சந்து இல்லை. கட்டட முதலாளியின் பிரதிநிதி எழுந்து, ஆய்வின்படி அந்தச் சந்து பயன்பாட்டில் இல்லை, ஆகவே யாருக்கும் பாதிப்பில்லை என்று பூசி மெழுகிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் சம்பந்தியைக் கூப்பிட்டார். அவள் ஒலிவாங்கியின் கழுத்தைப் பிடித்துத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"வணக்கம். இந்த விண்ணப்பம் போட்டவங்களுக்கு நான் சொந்தம்."

பிரதிநிதி புன்னகைத்தார். செம்பேனா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு இவங்களை வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். வரல. சரி, பெரிய மனுஷங்க, நேரம் இருக்காது. நேத்து சாயங்காலம் ஆள் அனுப்பறாங்க. 'நீங்க நமக்குச் சொந்தமாச்சே, நாளைக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க'ன்னு. பத்து வருஷமா ஞாபகம் இல்லாத சொந்தம், சந்து வேணும்னதும் ஞாபகம் வருது."

அறையில் சிரிப்பு கிளம்பியது. தலைவர் மணியில் விரல் வைத்தார். "திட்டம் பத்தி மட்டும் பேசுங்கம்மா."

"திட்டம் பத்தித்தான். அந்தச் சந்துல நான் தினம் நாலு தடவை நடக்கறேன். எனக்கு இவ்வளவுதான் பேச வரும். தொண்டையும் கட்டிக்கிச்சு." சம்பந்தி இருமினாள். அவ்வளவு மோசமான இருமலை அந்த அறை கேட்டிருக்காது. "ஒன்பதாவது விதிப்படி, உடம்பு முடியலைன்னா மிச்ச நேரத்தை என் சொந்தக்காரங்க ஒருத்தர் பேசலாம். அதோ, சக்கர நாற்காலி பக்கத்துல நிக்கறா பாருங்க. அவ பேசுவா."

செம்பேனா விழித்தாள். ஒன்பதாம் விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இவளுக்கு எப்படி?

"என்னடி முழிக்கறே? அன்னிக்கு நீ கத்திக் கத்திப் படிச்சது எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டுது."

பிரதிநிதி எழுந்துவிட்டார். "ஐயா, இது ஏமாத்து வேலை. அவங்க வெறும் பக்கத்து வீடு."

தலைவர் சம்பந்தியைப் பார்த்தார். "அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"என் வீட்டுப் பத்திரிகையில குத்தம் கண்டுபிடிச்ச உறவு. அதைச் சொந்தக்காரங்களைத் தவிர வேற யாருங்க செய்வாங்க?"

இந்த முறை குழுவிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. செம்பேனா பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. சொந்தமா?"

அதே ஐந்தாம் கேள்வி. இந்த முறை அவள் அதைச் சரியாகப் படித்தாள்.

"ஆமாங்க," என்றாள். "சொந்தம்தான்."

"ரெண்டு நிமிஷம் இருக்கு."

அவள் ஒலிவாங்கியிடம் வந்து விண்ணப்பத்தின் நகலைப் பிரித்தாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"நாலாம் பக்கம், ஏழாவது வரி. 'பயன்பாட்டில் இல்லாத சந்து.' இதுல பிழை இருக்கு. 'இல்லாத' அடிக்கணும். 'உள்ள' போடணும். பயன்பாட்டில் உள்ள சந்து. இது கவனப்பிழையா, வேணும்னே விட்ட பிழையான்னு எனக்குத் தெரியாது. கவனப்பிழை எப்படி வரும்னு எனக்கு நேத்துத்தான் நல்லாத் தெரிஞ்சுது. ஆனா ஆய்வு செஞ்சவர் ஒரு காலையாவது அங்க வந்து நின்னிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டார். வாரத்துல மூணு நாள் இவரை அந்த வழியாத்தான் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் படி. படியில சக்கரம் ஏறாது. ரெண்டு தடவை தவறினா இவர் இருக்க மாட்டார்." டாக்டர் சொன்னதை வெளியே சொல்லிவிட்டாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "இது அனுதாபத்துக்குச் சொல்லல. இது போக்குவரத்து. திட்டம் பத்தித்தான் பேசறேன்."

அவள் பின்னால் திரும்பினாள்.

"இன்னிக்குக் காலையில அந்தச் சந்து வழியா வந்தவங்க எழுந்திருங்க."

"பட்டியல்ல இல்லாதவங்க பேசக் கூடாது," என்றார் தலைவர்.

"அவங்க பேசல. நிக்கறாங்க. நிக்கக் கூடாதுன்னு பன்னிரண்டு விதியிலயும் இல்ல."

வெல்டர் எழுந்தார். அவர் மனைவி எழுந்தாள். வரிசை வரிசையாக நாற்காலிகள் கிறீச்சிட்டன. தெரு முழுக்க எழுந்து நின்றது. கணவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"நான் உக்காந்தே வந்தேங்க. என்னையும் எண்ணிக்குங்க."

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுதும்மா."

"அடிக்கட்டுங்க. ஒரு வரிதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வண்டி வரும். வந்து பாருங்க. பாக்காம கையெழுத்துப் போடாதீங்க." மணி இரண்டாம் முறை அடித்தபோதுதான் நகலை மடித்தாள். அவசரப்படாமல் மடித்தாள்.

குழு பத்து நிமிடம் தங்களுக்குள் பேசிக்கொண்டது. முடிவை ஒத்திவைக்கிறோம், செவ்வாய் காலை ஏழு மணிக்குக் குழு நேரில் வந்து பார்க்கும் என்று தலைவர் படித்தார். வெற்றி இல்லை அது. ஆனால் இப்போதைக்குச் சந்து இருக்கிறது. பிரதிநிதி வண்ணப் படத்தைத் தாங்கியிலிருந்து கழற்றி, மரங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எழுத்தர் பதிவேட்டோடு வந்தார். சார்பில் பேசியவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதறதுன்னு எனக்குப் புரியல. இருக்கற மாதிரியே விட்டுட்டேன்."

கட்டத்தில் அதே கேள்வி அச்சாகியிருந்தது: 'சொந்தமா?'

சம்பந்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இதுலயும் தப்பு இருக்காடி?"

"இருக்குக்கா," என்றாள் செம்பேனா. சிவப்புப் பேனாவால் கேள்விக்குறியை அடித்தாள். துணைக்காலை எடுத்தாள். மீதி நின்ற 'ம'வின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள்.