வெதவெதன்னுதான் வருது

பதினோரு நாட்களாக அப்பா ஹீட்டரைப் பற்றி மட்டுமே பேசினார். அதற்கு முன்பு எங்கள் வண்டியில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில் இல்லை. ஏசி திருகில் பாதி நீலம், பாதி சிவப்பு. சிவப்புப் பக்கம் அது திரும்பியதே கிடையாது. வடக்கனந்தலில் இருப்பவர்களுக்கு அது எதற்கு? சித்திரையில் சீட்டின் மேல் ஈரத்துண்டை விரித்துவிட்டு உட்காருகிற ஊர்.

மார்கழி பிறந்த சமயம் அது. காலையில் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அப்பா திருகைச் சிவப்பின் கடைசி வரை திருப்பினார். காற்று கால் பக்கம் வரும்படி வைத்தார். நான் முன் சீட்டில் இருந்தேன். பின்னால் ஐந்து பேர், எல்லோரும் வெள்ளிமலையிலும் சுற்றிலும் உள்ள பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள். நான் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர், தற்காலிகம்தான். இயற்பியல் படித்ததற்கு இதுதான் கிடைத்தது. ஒன்பது வருடமாக அப்பாதான் இவர்களைக் காலையில் மேலே கொண்டுபோய் விட்டு, மாலையில் கீழே இறக்குகிறார். எங்கள் வீடு அந்த வண்டியின் மேல்தான் நிற்கிறது. ஏரிக்கரையில் இருந்த நிலத்தை விற்று வாங்கிய வண்டி.

"கால் சில்லுனு இருக்குது பாப்பா" என்றார். மூன்று வளைவு ஏறியதும் குனிந்து பார்த்தார். "வெதவெதன்னுதான் வருது. சூடே இல்ல."

நான் கையை நீட்டிப் பார்த்தேன். உண்மைதான். பால் ஆறிப்போன பாத்திரத்தைத் தொட்டதுபோல இருந்தது.

வண்டியின் நோவு எதையும் அப்பா தள்ளிப்போட மாட்டார். தன்னுடையதைத் தள்ளிப்போடுவார். சர்க்கரை மாத்திரை பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். நினைவு வந்தால் போடுவார், ஒரு வாரம் ஒழுங்காகப் போட்டால் கம்மி ஆயிடுச்சு என்று நிறுத்திவிடுவார். வண்டிக்கு மட்டும் அன்றைக்கே வைத்தியம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். பச்சையாக இருக்க வேண்டிய திரவம் வெறும் தண்ணீராக இருந்தது. புதிதாக வாங்கி ஊற்றினார். காற்று அடைத்துக்கொண்டிருக்குமோ என்று மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும் வரை பக்கத்திலேயே நின்றார். மறுநாளும் வெதவெதப்புதான்.

கார் ஹீட்டருக்கு என்று தனியாக நெருப்பு கிடையாது. இன்ஜின் சூட்டில் காய்ந்த தண்ணீர் ஒரு குழாய் வழியாக உள்ளே வரும், அதன் மேல் காற்று பட்டு நம் காலுக்கு வரும். அவ்வளவுதான். இன்ஜினே சூடாகவில்லை என்றால் ஹீட்டர் என்ன செய்யும்? சூடு காட்டும் முள், மலை ஏறும்போதுகூட அடிக்கோட்டை விட்டு எழவில்லை என்பதை நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. வகுப்பில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்காத பெண் நான். அப்பாவே ஒருநாள் முள்ளைக் கவனித்துவிட்டு, மாலையில் கச்சிராயபாளையத்தில் மெக்கானிக் சடையனிடம் வண்டியை விட்டார்.

சடையன் அப்பாவோடு ஐந்தாவது வரை படித்தவர். பட்டறை முழுக்க அவர் குரல்தான் இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். தெர்மோஸ்டாட் வால்வே வண்டியில் இல்லையாம். அவரேதான் நாலு வருடத்துக்கு முன்னால் கழற்றிப் போட்டாராம். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கிற வால்வு அது.

"இந்த ஊர்ல வர்ற வண்டி அம்புட்டுக்கும் மொத வேலையா அதைத்தான் புடுங்குவேன். வெயில்ல வண்டி கொதிக்கக் கூடாதுன்னு அவனவன் தவிக்கிறான். சூடு வேணும்னு வந்த மொத ஆளு நீதான்யா கந்தசாமி."

புது வால்வு கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து மாட்டி முடிக்க இருட்டிவிட்டது. மறுநாள் காலை அணையைத் தாண்டுவதற்குள் முள் நடுவுக்கு வந்து நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பாடப்புத்தகத்தில் படித்த ஒன்று கண்ணெதிரில் ஒழுங்காக நடந்தால் வருகிற சந்தோஷம். காற்று சுரீரென்று வந்தது. நான் காலை மடக்கிக்கொண்டேன். பின் சீட்டில் கணக்கு வாத்தியார் தமிழரசன் மப்ளரை அவிழ்த்தார், பிறகு ஸ்வெட்டரையும் கழற்றினார்.

அப்பா குனிந்து பார்த்தார். "வெதவெதன்னுதான் வருது" என்றார்.

"இன்னா டிரைவரே, தீ மிதிச்ச காலுன்னா இப்படியா?" என்றார் தமிழரசன். "ஆத்தா உங்களுக்கு இன்னும் குளுகுளுன்னே வச்சிருக்கா போல. நாங்க வேவுறோம், கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கம்மி பண்ணினார்.

ஆடியில் திரௌபதியம்மன் கோயில் தீமிதியில் அப்பா இறங்கினார். வருடா வருடம் இறங்குகிறவர்தான். மற்ற வருடங்களில் எல்லோரையும் போல ஓடிக் கடப்பார், இரண்டு நாள் நொண்டுவார். இந்த வருடம் நடந்தார். பூக்குழியின் நடுவில் ஒரு கணம் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. கரையேறியதும் பூசாரி தன் கழுத்து மாலையை எடுத்து அவருக்குப் போட்டார். அம்மா ஈரப்புடவையோடு அவர் காலில் விழுந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், "பூ மேல நடந்தாப்ல இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட, அவர் கையால் விபூதி வாங்கிப் போனார்கள். அப்பாவின் நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது. நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம்.

சடையன் இரண்டாவது முறை வண்டியைப் பார்த்தார். ஹீட்டர் வாயில் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார். இதில் சோறே வேகும் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. டிரைவர் பக்கத்துக் குழாய் அடைத்திருக்கும் என்றார். சடையன் தரை விரிப்பைத் தூக்கி, குழாயைக் கழற்றி ஊதிக் காட்டினார். அப்பா அப்போதும் தலையை ஆட்டினார். சடையன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று டீக்கடையிலிருந்து திரும்பும்போது அப்பாவின் ஒரு செருப்பு கடை வாசலிலேயே கிடந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு, ஜல்லி கொட்டிய ரோட்டில் நேராக நடந்து வண்டியில் ஏறிவிட்டார். நான் அதை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன். "எங்க வுட்டேன்?" என்றார்.

அடுத்த நாள் ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன். மாலையில் வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டு, அப்பா பக்கத்து ஹீட்டர் வாயில் பிடித்தேன். பாதரசம் ஐம்பத்தெட்டில் நின்றது. என் பக்கத்து வாயிலும் ஐம்பத்தெட்டுதான்.

"எவ்ளோ காட்டுது?"

சொன்னேன்.

"அது ஜாஸ்தியா கம்மியா?"

"தெரியலப்பா" என்றேன். அப்பா என்னை நம்பினார். வெப்பமானியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாதரசம் பழசாகியிருக்கும் என்றார்.

அன்று இரவு அம்மா வெந்நீரில் கல் உப்புப் போட்டு அவர் கால் வைக்க அலுமினிய அன்னக்கூடையைக் கொண்டுவந்தாள். தண்ணீரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பச்சைத்தண்ணீர் விளாவுவதற்குச் செம்பை எடுக்க அவள் உள்ளே போன நேரத்தில் அப்பா இரண்டு கால்களையும் உள்ளே வைத்துவிட்டார். டிவி பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் சூடா குடு ராணி" என்றார். அம்மா விரலை விட்டுப் பார்த்து அலறினாள். காலையில் வலது குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம். அம்மா வேப்பெண்ணெய் தடவித் துணி சுற்றினாள். ஆத்தாவுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம், தை பிறந்ததும் பொங்கல் வைக்க வேண்டும் என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் படித்தும் பார்த்தேன். சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்லச் செத்துப்போகும். சூடு தெரியாது, முள் தெரியாது, எந்நேரமும் சில்லென்று இருப்பதுபோல மட்டும் தோன்றும். படித்துவிட்டு போனை அணைத்தேன். சொன்னால் வண்டி நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் வண்டி ஓடும், பின்னால் ஐந்து பேர் இருப்பார்கள், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பூசாரி போட்ட அந்த மாலையையும் அவர் கழுத்திலிருந்து நான்தான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் சொல்ல நினைத்தேன். அடுத்த வளைவு வரும். அப்பா குனிந்து ஹீட்டரைப் பார்ப்பார். நிமிர்வார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட ஒரு வாக்கியத்தை மனதில் எழுதி வைத்திருந்தேன். வீடு வந்ததும் அது சாப்பாட்டைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

பதினோராம் நாள் பனி அதிகம். வெள்ளிமலையில் ஐந்து பேரும் இறங்கினார்கள். தமிழரசன் வழக்கம்போல ஜன்னலில் தட்டிவிட்டுப் போனார். எஞ்சிய தூரம் எங்கள் இருவருக்கும்தான். ஹீட்டரை அப்பா மறுபடி முழுதாக வைத்தார். என் பாதம் சுட்டது, சீட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

சாமைக்காடு முடிகிற இறக்கத்து வளைவில் மாடுகள் நின்றன. ஆறேழு இருக்கும். பனிக்குள்ளிருந்து திடீரென்று தெரிந்தன. அப்பாவின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. வண்டி நிற்கவில்லை, இரைந்தது. இன்ஜின் ஓங்கி இரைந்து முன்னால் பாய்ந்தது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. அப்பா குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் வண்டி நின்றது. ஒரு வெள்ளைப் பசுவின் வயிறு பம்பரை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மாட்டுக்காரப் பெண் கம்போடு வந்து பானெட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், கால் வெறுங்கால்.

"இன்னாய்யா, கண்ணத் தொறந்து வச்சிக்கினே மாட்டு மேல ஏத்தற? தூங்கிக்கினு வர்றியா?"

அப்பா கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினார். "தப்புதான் தாயி."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மாடுகளை ஓட்டிப் போனாள். மணிச்சத்தம் பனிக்குள் போய் மறைந்தது. அப்பா கை பிரேக்கை இழுத்தார். இன்ஜினை நிறுத்தவில்லை. முள் நடுவில் நின்றது. ஹீட்டர் ஊதிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் ஓரங்களில் படிந்திருந்த பனி உருகி வழிந்தது.

"ஹீட்டர் நல்லாத்தான் இருக்குதுப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் தலையசைத்தார். வலது காலைக் கையால் தூக்கி எடுத்து, பெடலிலிருந்து விலக்கித் தரையில் வைத்தார். ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல. குதிகாலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

"பிரேக்குன்னுதான் மிதிச்சேன் பாப்பா. எது மேல கால் இருக்குதுன்னு குனிஞ்சி பாத்தாதான் தெரியுது."

இத்தனை நாளும் ஒவ்வொரு வளைவிலும் அவர் குனிந்தது எனக்கு நினைவு வந்தது. அவர் ஹீட்டரைப் பார்க்கவில்லை.

காற்று அவர் பாதத்தின் மேல் நேராக வீசிக்கொண்டிருந்தது. துணியின் நுனி அதில் படபடத்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முன்னால் வெறும் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஆடியில தீ மிதிச்சனே. ஊரே கும்புட்டுச்சே. அன்னிக்கே எனக்குக் கால் தெரியல."