தகப்பன் தூக்கிய படம்

உரும்பிராயில் நினைவு மலரான கல்வெட்டு அடிக்க வேண்டுமென்றால் ஜெயசுதன் வீட்டுக்குத்தான் போவார்கள். இறந்தவரின் படம், குடும்ப வரலாறு, தேவாரம், நன்றியுரை எல்லாவற்றையும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குள் புத்தகமாக்கித் தந்துவிடுவான். முன்னறையில் இருந்த பழைய கம்பியூட்டரில்தான் அத்தனை வேலையும் நடக்கும்.

அந்தக் கம்பியூட்டர் மாதக்கணக்காக ஒரே அறிவித்தலைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, புதியதற்கு மாறுங்கள். ஜெயசுதன் அதை வாசிப்பதே இல்லை. ஈயை விரட்டுவதுபோல் விரட்டிவிட்டு வேலையைத் தொடங்குவான்.

"இஞ்சருங்கோ, உதை எப்பதான் மாத்தப் போறியள்?" என்றாள் மனைவி தர்சினி.

"புதுசைப் போட்டால் நான் அடிக்கிற பாமினி எழுத்துருவெல்லாம் குழம்பிப் போடுமப்பா. இவ்வளவு வருசம் அடிச்ச கல்வெட்டெல்லாம் வாசிக்கேலாமல் போனால் நான் என்ன செய்யிறது?"

"பக்கத்திலை திருநெல்வேலிக் கம்பியூட்டர்க் கடையிலை ஒருக்காக் கேட்டுப் பாக்கலாம்தானே?"

அவன் கேட்கவில்லை. ஊரே கம்பியூட்டர்காரன் என்று அழைக்கிற தான், சந்தேகம் கேட்டு இன்னொருவன் கடை வாசலில் நிற்பதா? மனிதனுக்கு வீம்பு வந்துவிட்டால் மூளை ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு நாள் மயிலிட்டியிலிருந்து தங்கமுத்து வந்தாள். படகு கவிழ்ந்து அவளுடைய மகன் யதுசன் இறந்து பத்து நாள். மருமகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மகன் வீட்டில் விட்டுப்போன கைபேசியை நீட்டினாள். திரை பாதி கறுத்திருந்தது.

"பிள்ளையை அவன் தூக்கி வைச்சிருக்கிற படம் இது ஒண்டுதான் தம்பி. முன்பக்கத்திலை போட்டு விடுங்கோ."

ஜெயசுதன் படத்தைக் கம்பியூட்டருக்கு மாற்றினான். அன்று மாலையே கைபேசி அணைந்தது. பிறகு உயிர் பெறவில்லை.

"படத்தை வேறை இடத்திலையும் போட்டு வையுங்கோ. கம்பியூட்டரையும் இந்தக் கிழமையே மாத்துங்கோ," என்றாள் தர்சினி.

"அந்தியேட்டி முடியட்டும், பாப்பம்."

யதுசன் இறந்த இருபத்தைந்தாம் நாள் வேறொரு வீட்டுக்காரர் தந்த பென் டிரைவைச் செருகினான். சற்று நேரத்தில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. திறக்கப் பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் மட்டும் திரையில் நின்றது. அப்போதுதான் திருநெல்வேலிக்கு ஓடினான்.

கடைக்காரன் கோபிசங்கர் இரண்டு நாள் போராடினான். "இனி ஒண்டும் மீட்கேலாது அண்ணை. பழைய இயங்குதளத்தின்ரை ஓட்டையாலைதான் வைரஸ் பூந்திருக்கு."

புதிய இயங்குதளத்தைப் போட்டு, பாமினி எழுத்துருவையும் ஏற்றினான். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. எழுத்துகள் ஒரு குழப்பமும் இல்லாமல் வந்தன. அதைப் பார்த்துத்தான் ஜெயசுதன் அழுதான்.

யதுசனின் அடையாள அட்டைப் படத்தைப் போட்டு அச்சடித்த கல்வெட்டை அவனே மயிலிட்டிக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொன்னான். தங்கமுத்து ஏசவில்லை. படத்தைத் தடவிப் பார்த்தாள். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உது என்ரை பிள்ளைதான் தம்பி. ஆனால் இவள் வளந்து, அப்பா என்னைத் தூக்கினவரோ எண்டு கேட்டால் நான் எதைக் காட்டுறது?"

ஜெயசுதன் வீட்டுக்கு வந்து தர்சினியிடம் சொன்னான்.

"தெரியாததைக் கேக்க வெக்கப்பட்டன் தர்சினி. அந்த வெக்கத்துக்கு ஒரு பிள்ளையின்ரை தகப்பனைக் குடுத்திட்டன். கேக்க வெக்கப்படுறவன் மற்றவை நம்பித் தாறதைக் கையாலை வாங்கக்கூடாது."